ஏஐ முகவருக்குத் தனி அடையாளம் கொடுப்பது எப்படி? கடலூர், புதுச்சேரி சிறுநிறுவனங்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் மாவட்டத்தில் முந்திரிப் பருப்பு விற்கும் ஒரு சிறுநிறுவனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். பண்ருட்டிப் பக்கம் பருப்பை வாங்கித் தரம் பிரித்து, கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள இனிப்புக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரைப் படித்து, கணக்கு மென்பொருளில் பில் போட்டு, கடைக்காரருக்கு அனுப்பும் வேலையை அண்மையில் ஓர் ஏஐ முகவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். முள்ளோடையைத் தாண்டினால் எல்லை மாறிவிடும். தமிழ்நாட்டின் ஜிஎஸ்டி குறியீடு 33, புதுச்சேரியின் குறியீடு 34. ஆகவே கடலூர்க் கடைக்குப் போகும் சரக்குக்கு சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டாகவும், புதுச்சேரிக் கடைக்குப் போகும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி என்று ஒன்றாகவும் வரி போட வேண்டும். ஒரு நாள் முகவர் புதுச்சேரிக் கடைக்கு உள்மாநில வரியைப் போட்டு அனுப்பிவிடுகிறது. கடைக்காரர் உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்ள முடியாமல் தொலைபேசியில் அழைக்கிறார். யார் போட்ட பில் என்று மென்பொருளின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால், அங்கே கணக்காளராக வேலை பார்க்கும் பெண்ணின் பெயர் இருக்கிறது. அவர் அன்று விடுப்பில் இருந்தார். முகவர் உள்ளே நுழைவதற்கு அவருடைய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும்தான் கொடுத்திருந்தார்கள்.

தவறான வரியைத் திருத்திவிடலாம். ஆனால் பதிவேட்டில் ஒருவருடைய பெயர் அவர் செய்யாத செயலுக்கு எதிரே நிற்பதைத் திருத்துவது கடினம். முகவர் போட்ட பில் எது, அவர் போட்ட பில் எது என்று பிறகு எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அலுவலகத்தில் குறைந்த சம்பளத்தில், எல்லோருக்கும் கீழே இருப்பவரின் லாகின்தான் பெரும்பாலும் இப்படி இரவல் போகிறது என்பதால், பழியும் அவர்மேலேயே வந்து விழுகிறது. ஒவ்வொரு முகவருக்கும் அதற்கென்று ஓர் அடையாளத்தைக் கொடுத்து, அந்த அடையாளத்துக்குப் பின்னால் ஒரு மனிதரைப் பொறுப்பாளராக நிறுத்துவதே இதற்கு வழி. கணினித் துறையில் பழக்கம் இல்லாதவர்களும் செய்யக்கூடிய வகையில், அதன் படிகளை இங்கே வரிசையாக விளக்குகிறேன்.

தொடங்கும் முன்: அடையாளம் எதைச் செய்யும், எதைச் செய்யாது

நான் இங்கே முகவர் என்று சொல்வது, கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எழுதித் தரும் சாட்பாட்டை அன்று. மின்னஞ்சல் அனுப்புவது, பில் போடுவது, கோப்பை அழிப்பது போன்ற செயல்களைத் தானே செய்யும் மென்பொருளை. அதன் அடையாளம் என்பதில் நான்கு பகுதிகள் உண்டு: அதை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பெயர், அந்தப் பெயருக்கு உரியது தானே என்று அது மெய்ப்பிக்கும் சாவி அல்லது சான்றிதழ், அது எதைத் தொடலாம் என்ற வரம்பு, அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட மனிதர்.

தனி அடையாளம் கொடுத்துவிட்டால் பொறுப்பு முகவரின் தலைக்குப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒரு மின்னணுப் பதிவை ஒருவர் தாமே அனுப்பினாலும், அவர் சார்பில் செயல்பட அதிகாரம் பெற்றவர் அனுப்பினாலும், தானாக இயங்கும்படி அவராலோ அவர் சார்பிலோ நிரல் அமைக்கப்பட்ட கணினி அமைப்பு அனுப்பினாலும், அது அவருடைய பதிவாகவே கொள்ளப்படும். கனடாவில் 2024 பிப்ரவரியில் வந்த ஒரு முடிவும் இதே திசையில்தான் இருந்தது. ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட், துக்கக் காலப் பயணச் சலுகையைப் பிறகு விண்ணப்பித்தும் பெறலாம் என்று ஒரு பயணிக்குத் தவறாகச் சொல்லியிருந்தது. சாட்பாட் தனக்குத்தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற நிறுவனத்தின் வாதத்தை பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. பயணிக்கு இழப்பீடு தர உத்தரவிட்டது. வெளியாருக்கு நிறுவனம்தான் பொறுப்பு. நிறுவனத்துக்குள் எந்த முகவர், யாருடைய அனுமதியில், எந்த நேரத்தில் என்ன செய்தது என்று கண்டறிவதற்கே இந்த அடையாளம்.

முதல் படி: இருப்பவற்றைக் கணக்கெடுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகமோ விரிதாளோ போதும். உங்கள் நிறுவனத்தில் தானாகச் செயல்படும் ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள்: வாட்ஸ்அப் பிசினஸில் பதில் அனுப்புவது, மின்னஞ்சலைப் பிரித்து வைப்பது, கணக்கு மென்பொருளில் எழுதுவது, ஊழியர் ஒருவர் தம் வசதிக்காக பிரவுசரில் சேர்த்துக்கொண்ட உதவி மென்பொருள் உட்பட. கடைசியாகச் சொன்னதுதான் அடிக்கடி விட்டுப்போகும், ஏனென்றால் அதை நிறுவனம் வாங்கவில்லை, ஊழியரே சேர்த்திருப்பார். அதை மிரட்டலாகக் கேட்டால் மறைப்பார்கள். கண்டுபிடித்துத் தண்டிப்பது நோக்கமில்லை, பதிவு செய்வதுதான் நோக்கம் என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது இப்போது யாருடைய லாகினில் உள்ளே போகிறது என்று எழுதுங்கள். அந்தப் பத்தியில் மனிதர்களின் பெயர் வரும் இடங்களெல்லாம் நீங்கள் மாற்ற வேண்டிய இடங்கள்.

இரண்டாம் படி: பெயரும் பொறுப்பாளரும்

பெயர் சாதாரணமாக இருக்கட்டும். செய்யும் வேலை அதில் தெரிந்தால் போதும். ‘பில்-முகவர்-01’, ‘ஆர்டர்-முகவர்-01’ என்று வைக்கலாம். மனிதப் பெயர் வைக்காதீர்கள். பதிவேட்டைப் படிக்கும் தணிக்கையாளர் அதை ஊழியர் என்று நினைத்துவிடுவார். இரண்டு முகவர்கள் ஒரே பெயரைப் பகிரவும் கூடாது. ஒரு முகவரை நீக்கிவிட்டால் அதன் பெயரைப் புதியதற்குச் சூட்டக் கூடாது, பழைய பதிவுகள் குழம்பிவிடும்.

பொறுப்பாளர் என்பவர் பெயர் சொல்லக்கூடிய ஒரு மனிதராக இருக்க வேண்டும். ‘கணக்குப் பிரிவு’ என்று எழுதினால் யாரும் பொறுப்பில்லை என்றே பொருள். முகவரை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்மையாகவே இருக்க வேண்டும். அதிகாரம் முதலாளியிடம் இருக்க, பொறுப்பாளர் பத்தியில் மட்டும் இளைய ஊழியரின் பெயரை எழுதுவது, தொடக்கத்தில் சொன்ன அநியாயத்தை முறைப்படி செய்வதாகும். அவர் விடுப்பில் போகும் நாளுக்கு இரண்டாவதாக ஒருவரையும் குறித்து வையுங்கள்.

மூன்றாம் படி: தனிக் கணக்கு திறங்கள்

இனி ஒவ்வொரு மென்பொருளிலும் முகவருக்கென்று தனிக் கணக்கு திறக்க வேண்டும். இணையக் கணக்கு மென்பொருள்கள் பலவற்றில் தனிப் பயனரைச் சேர்த்து, அவர் எதையெல்லாம் செய்யலாம் என்று வரையறுக்கும் வசதி இருக்கிறது. கூகுள் கிளவுட் போன்ற தளங்களில் மனிதர் அல்லாத பயன்பாட்டுக்கென்றே ‘சர்வீஸ் அக்கவுண்ட்’ உண்டு. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் தனிப் பயனரை உருவாக்கி, எந்த அட்டவணையைப் படிக்கலாம், எதில் எழுதலாம் என்று ஒவ்வொன்றாக அனுமதி தரலாம். மின்னஞ்சலுக்குத் தனி முகவரி வாங்குங்கள்.

முகவரை ஒரு சேவையுடன் இணைக்கும்போது, ‘உங்கள் கணக்கில் நுழைய அனுமதிக்கிறீர்களா?’ என்று ஒரு திரை வரும். அந்த நேரத்தில் உங்கள் சொந்தக் கணக்கில் நீங்கள் லாகின் செய்திருந்தால், அனுமதி உங்கள் பெயரில் போய்விடும். உங்கள் பழைய மின்னஞ்சல்கள் எல்லாம் அதற்குத் திறந்துவிடவும் கூடும். முதலில் வெளியேறி, முகவருக்காகத் திறந்த கணக்கில் நுழைந்து, அதன்பிறகு அனுமதி கொடுங்கள். அவசரத்தில் பலரும் தவறவிடும் இடம் இதுதான்.

தனிக் கணக்கு கொடுக்க முடியாத இடங்களும் உண்டு. சரக்கை வண்டியில் அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் சீட்டுதான் இ-வே பில். அதற்கான தளத்தில் முதன்மைப் பயனர் துணைப் பயனர்களை உருவாக்கி வேலையைப் பிரித்துத் தர முடியும் என்றாலும், அது மனித ஊழியர்களை மனத்தில் வைத்த ஏற்பாடு. உள்ளே நுழைய ஓடிபியும் தேவை. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சரக்கு மாநிலம் கடப்பது என்பதால் 50,000 ரூபாயைத் தாண்டினாலே இ-வே பில் தேவைப்படும். ஆகவே இந்த வேலை நம் ஊர்களில் அடிக்கடி வரும். இங்கே முகவர் விவரங்களை நிரப்பித் தயாராக வைக்கட்டும், மனிதர் சரிபார்த்துத் தம் பெயரில் பதிவேற்றட்டும். வங்கித் தளத்துக்கும் இதே விதி. ஓடிபியை எந்த முகவருக்கும் கொடுக்காதீர்கள், ஓடிபி வரும் தொலைபேசியின் குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையும் கொடுக்காதீர்கள்.

டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ் அடங்கிய யுஎஸ்பி டோக்கனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குதாரரின் டோக்கனைக் கணினியிலேயே செருகி வைத்துவிட்டு, அதன் ரகசிய பின் (PIN) எண்ணை ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போகும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, கையெழுத்திடப் பயன்படும் தம் அந்தரங்கச் சாவி வேறொருவர் கைக்குப் போகாமல் தக்க கவனத்துடன் காப்பது சான்றிதழ் பெற்றவரின் கடமை என்கிறது. அந்தக் கணினியில் ஒரு முகவரும் இயங்கினால், அது கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை மேசைமேல் வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். வேலை முடிந்ததும் டோக்கனைக் கழற்றி எடுத்துச் செல்லுங்கள்.

நான்காம் படி: வரம்பு

முகவருக்கு எது தேவையோ அதை மட்டும் கொடுங்கள். நம் பில் முகவருக்கு வாடிக்கையாளர் பட்டியலைப் படிக்கும் அனுமதி வேண்டும், பில்லை வரைவாகச் சேமிக்கும் அனுமதி வேண்டும். பில்லை அழிக்கவோ, வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணைத் திருத்தவோ, வங்கிக் கணக்கு விவரத்தை மாற்றவோ அதற்கு வேலையில்லை. தொகைக்கும் வரம்பு வையுங்கள். வரம்பைத் தாண்டினால் மனிதரின் ஒப்புதல் இல்லாமல் நகரக் கூடாது. யுபிஐ சர்க்கிள் என்ற வசதியைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த முறை ஏற்கெனவே தெரிந்திருக்கும். 2024 ஆகஸ்டில் அறிமுகமான அதில், முதன்மைப் பயனர் தம் கணக்கிலிருந்து பணம் செலுத்தும் உரிமையை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். முழு உரிமை கொடுத்தாலும் மாதத்துக்கு 15,000 ரூபாய், ஒரு முறைக்கு 5,000 ரூபாய் என்ற உச்சவரம்புடன் அது தொடங்கப்பட்டது.

வரம்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், முகவர் படிக்கும் செய்திக்குள்ளேயே அதை ஏமாற்றும் கட்டளையை யாரும் எழுதி வைக்க முடியும். ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதையே பதிவு செய்க’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், முகவர் அதை உங்கள் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு செயல்படக்கூடும். அதன் அடையாளம் சரியானதாக இருந்தாலும் இந்த ஏமாற்றை அது தடுக்காது. வங்கிக் கணக்கைத் திருத்தும் அனுமதியே அந்த அடையாளத்துக்கு இல்லை என்பதுதான் தடுக்கும்.

ஐந்தாம் படி: சாவியைக் காப்பது

முகவர் தன்னை மெய்ப்பிக்கப் பயன்படுத்தும் ஏபிஐ சாவியை (மென்பொருள்கள் தமக்குள் பேசும்போது கடவுச்சொல் போலப் பயன்படுவது) அதற்கு எழுதும் கட்டளைக்குள் வைக்காதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் அனுப்பாதீர்கள், விரிதாளில் எழுதாதீர்கள். மென்பொருள் அனுமதித்தால் குறுகிய காலத்தில் காலாவதியாகும் டோக்கனை, அதாவது தற்காலிக மின்னணு நுழைவுச் சீட்டை, தேர்ந்தெடுங்கள். நெடுங்காலச் சாவிதான் கிடைக்கும் என்றால், அதை மாற்றும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஆறாம் படி: யாருக்காக யார் செய்தது என்பதை இரண்டு பெயரிலும் எழுதுவது

இந்தப் பொருளில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் பகுதி இது. முகவரின் பெயர் மட்டும் பதிவானால் யார் சொல்லிச் செய்தது என்று தெரியாது. மனிதரின் பெயர் மட்டும் பதிவானால் யார் கை செய்தது என்று தெரியாது. இரண்டும் சேர்ந்து நிற்க வேண்டும்.

இணையத்தில் ஒரு சேவை இன்னொரு சேவையிடம் அனுமதி பெறும் முறைக்கு ஓஆத் என்று பெயர், அதன் 2.0 பதிப்பு 2012இல் தரமாக வெளியானது. கடவுச்சொல்லைக் கொடுக்காமலே வரம்புள்ள அனுமதியைக் கொடுப்பது அதன் அடிப்படை. 2020இல் வெளியான டோக்கன் பரிமாற்றத் தரமான ஆர்எஃப்சி 8693, இரண்டு நிலைகளை வேறுபடுத்துகிறது. ஒன்றில் முகவர் அந்த மனிதராகவே வேடமிட்டு நுழைகிறது. எதிரில் இருக்கும் மென்பொருளுக்கு வேறுபாடு தெரியாது. மற்றதில் முகவர் தன் பெயருடன், இன்னார் சார்பில் வந்திருக்கிறேன் என்று சொல்லி நுழைகிறது. டோக்கனுக்குள்ளேயே இரண்டு பெயரும் தனித்தனி இடத்தில் எழுதப்பட்டிருக்கும். மென்பொருள் விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ‘உங்கள் முகவர் என் ஊழியராகவே உள்ளே போகிறதா, அல்லது என் ஊழியர் சார்பில் தன் பெயரில் போகிறதா?’ பதில் தெளிவாக வராவிட்டால் வாங்கத் தயங்குங்கள்.

உங்கள் மென்பொருளில் இந்த வசதி இல்லையென்றால் எளிய மாற்று உண்டு. பில்லின் குறிப்புப் பகுதியில் ‘தயாரித்தது: பில்-முகவர்-01, ஒப்புதல்:’ என்று எழுதி, ஒப்புதல் தந்தவரின் பெயரையும் நேரத்தையும் சேர்க்கும்படி அமைத்துவிடுங்கள். ஒரு முகவர் தன் வேலையின் ஒரு பகுதியை இன்னொரு முகவரிடம் தள்ளிவிடுமானால், அந்தச் சங்கிலி முழுவதும் பதிவாக வேண்டும். மனித முகவர்களைப் பற்றிப் பேசும் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே, தாம் நேரில் செய்வதாக ஏற்ற வேலையைப் பொதுவாக வேறொருவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று 190ஆம் பிரிவில் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. மென்பொருள் முகவருக்கும் நீங்கள் அதே கட்டுப்பாட்டை வைத்துத் தொடங்குவது நல்லது: துணை முகவர் வேண்டுமென்றால், அதுவும் உங்கள் நோட்டுப் புத்தகத்தில் பெயருடன் இருக்க வேண்டும்.

ஒப்புதல் குறித்து ஓர் எச்சரிக்கை. நாளெல்லாம் வரிசையாக வரும் வரைவுகளுக்கு ஒருவர் ‘சரி’ என்று அழுத்திக்கொண்டே இருந்தால், அவர் படித்துப் பார்த்தார் என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, தவறு வந்ததும் ‘நீதானே ஒப்புதல் கொடுத்தாய்’ என்று கேட்பது நியாயமில்லை. பழைய வாடிக்கையாளருக்கு வழக்கமான அளவில் போகும் பில்லை நேரடியாக விட்டுவிட்டு, புதிய கடை, மாநிலம் மாறும் சரக்கு, பெரிய தொகை ஆகியவற்றை மட்டும் மனிதர் பார்வைக்கு நிறுத்துங்கள். பார்ப்பவருக்கு நேரம் இருந்தால்தான் அவருடைய கையெழுத்துக்குப் பொருள் இருக்கும்.

ஏழாம் படி: பதிவேடு

ஒவ்வொரு செயலுக்கும் நேரம், முகவரின் பெயர், யார் சார்பில், எந்தக் கோப்பு அல்லது பில், முன்பிருந்த மதிப்பு, மாற்றிய மதிப்பு ஆகியவை பதிவாக வேண்டும். கணக்கு மென்பொருளைப் பொறுத்தவரை, 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள், ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும் தேதியுடன் பதிவு செய்யும், அந்தப் பதிவை முடக்க முடியாத மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. தனிநபர் கடைக்கும் கூட்டாண்மை நிறுவனத்துக்கும் அந்த விதி பொருந்தாவிட்டாலும், அந்த வசதியை நீங்களும் இயக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்தத் தடம் மென்பொருளில் யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்பதைத்தான் எழுதும். மூன்றாம் படியைச் செய்யாமல் விட்டிருந்தால், முடக்க முடியாத அந்தத் தடமே கணக்காளருக்கு எதிரான சான்றாகிவிடும்.

இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவும், குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு மீறல்களைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், கணினிக் கடிகாரங்களை அரசு நேரச் சேவையகங்களுடன் ஒத்திசைக்கவும் சொல்கிறது. நேரம் சரியாக இல்லாவிட்டால், எது முன்னால் நடந்தது என்று இரண்டு பதிவேடுகளை ஒப்பிட்டுச் சொல்ல முடியாது என்பதால் இந்தக் கடைசி விதியைச் சிறியது என்று ஒதுக்க வேண்டாம். தன் பதிவேட்டைத் திருத்தவோ அழிக்கவோ முகவருக்கு அனுமதி இருக்கக் கூடாது என்பதையும் சரிபாருங்கள்.

பெரும்பாலான அலுவலகங்கள் மறந்துவிடும் ஒன்று, பதிப்பு. ‘பில்-முகவர்-01’ என்ற பெயர் மாறாமல் இருக்க, அதன் அடியில் இயங்கும் ஏஐ மாதிரியை (அதன் மூளையாக இருக்கும் நிரலை) விற்பனையாளர் மாற்றியிருக்கலாம். அல்லது ‘பாகூர் கடைகளைப் புதுச்சேரியாகக் கொள்’ என்று நீங்கள் எழுதிய கட்டளையை யாரோ திருத்தியிருக்கலாம். நேற்று சரியாகச் செய்தது இன்று ஏன் தவறியது என்று தேடும்போது, எந்த மாதிரி, எந்தக் கட்டளை அன்று நடப்பில் இருந்தது என்பதுதான் முதல் தடயம். கட்டளையை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழையதைத் தேதியிட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாற்றியவர் பெயருடன்.

எட்டாம் படி: நிறுத்திப் பாருங்கள்

தவறு நடக்கும் நாளில்தான் நிறுத்தும் வழியைத் தேடக் கூடாது. வேலை குறைவான ஒரு நாளில், பொறுப்பாளர் அந்த முகவரின் கணக்கை முடக்கி, டோக்கனை ரத்து செய்து, அது உண்மையாகவே நின்றுவிட்டதா என்று பார்க்கட்டும். ஒரு முகவரை நிறுத்தினால் மற்றவை நிற்கக் கூடாது. ஊழியர் யாரும் வெளியேற்றப்படவும் கூடாது. இரவல் லாகினில் இயங்கும் முகவரை நிறுத்த வேண்டுமானால் அந்த ஊழியரின் கடவுச்சொல்லையே மாற்ற வேண்டியிருக்கும் என்பதை அன்று நேரில் உணர்வீர்கள்.

ஊழியர் ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது, அவர் பொறுப்பில் இருந்த முகவர்களை அன்றே வேறொருவர் பெயருக்கு மாற்றுங்கள். ஏற்பார் யாரும் இல்லையென்றால் முகவரை நிறுத்திவிடுங்கள்.

பெரிய ஏற்பாடுகள் எப்போது தேவை

நூற்றுக்கணக்கான மென்பொருள்களை இயக்கும் நிறுவனங்கள் ஸ்பிஃபி என்ற தரத்தைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு நிரலுக்கும் தானாகவே புதுப்பிக்கப்படும் குறுங்காலச் சான்றிதழ் கிடைக்கும். மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதம் முகவர்களுக்கென்றே என்ட்ரா ஏஜென்ட் ஐடி என்ற சேவையை அறிவித்தது. ஒரே நிறுவனத்துக்குள் நிற்காமல் பலரிடம் காட்டிச் சரிபார்க்கக்கூடிய பரவலாக்கப்பட்ட அடையாளங்களுக்கு, இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி 2022இல் ஒரு தரத்தை வெளியிட்டது. ஓரிரு முகவர்களை வைத்திருக்கும் கடைக்கு இவை இப்போது தேவையில்லை. மேலே சொன்ன நோட்டுப் புத்தகமும் தனிக் கணக்கும் போதும். உங்கள் முகவர் வேறொரு நிறுவனத்தின் முகவருடன் நேரடியாகப் பேரம் பேசத் தொடங்கும்போது இவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள், ஏனென்றால் அப்போது எதிரில் இருப்பது யாருடைய முகவர் என்று நீங்களும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.

வாடிக்கையாளருக்கும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். முகவர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் கீழும், இது தானியங்கி முகவர் தயாரித்தது என்ற வரியும், பிழை இருந்தால் பேச வேண்டிய மனிதரின் பதவியும், கடையின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். அந்த எண்ணை எடுப்பது இன்னொரு முகவராக இருக்க வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்ய முடியாது என்றால், பணத்தையும் வரியையும் தொடும் முகவரிலிருந்து தொடங்குங்கள். அதற்குத் தனிக் கணக்கு திறந்து, அனுமதிகளைக் குறைத்து, அது சரியாக இயங்குவதைப் பார்த்தபிறகு, இதுவரை அது பயன்படுத்திய ஊழியரின் கடவுச்சொல்லை அந்த ஊழியரே மாற்றிக்கொள்ளட்டும். எந்தத் தேதி வரை அந்த லாகினில் முகவரும் இயங்கியது என்பதை முதலாளி கையெழுத்திட்டு எழுதி, ஒரு பிரதியை அவரிடம் கொடுத்துவிடுங்கள்.